லண்டனில் கடிகாரங்களைப் பார்ப்பது எப்படி?

ஜூன் மாதத்தில் இரண்டு நாள் லண்டனில் தங்கப்போவதாகவும், பழங்காலக் கடிகாரங்கள் முதல் நவீனக் கடிகாரங்கள் வரை பார்க்க எங்கே செல்லலாம், இயந்திரவியல் படிக்காத ஒருவருக்கு அங்கே என்ன புரியும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். தந்தையார் விட்டுச்சென்ற எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரத்தை இன்றும் நாள்தோறும் சாவி கொடுத்து அணிவதாகச் சொல்லியிருப்பது எனக்குப் பெரிய உதவி. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நீங்கள் காணப்போகும் பொருள்களை விளக்குவதற்கு உங்கள் மணிக்கட்டில் இருப்பதே போதும்.

முதலில் இடங்கள். பிரிட்டிஷ் மியூசியத்தின் 38, 39ஆம் அறைகள் கடிகாரங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. தெற்கு கென்சிங்டனில் உள்ள சயின்ஸ் மியூசியத்தின் இரண்டாம் தளத்தில் லண்டன் கடிகாரத் தொழிலாளர் சங்கத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது. மூன்றாவது இடம், கிரீனிச் குன்றின் மேல் உள்ள ராயல் அப்சர்வேட்டரி. முதல் இரண்டுக்கும் கட்டணம் இல்லை. கிரீனிச்சுக்கு நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். முதல் இரண்டையும் ஒரே நாளில் முடித்துக்கொண்டு, இரண்டாம் நாளை முழுவதுமாகக் கிரீனிச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை. பராமரிப்புக்காகச் சில அறைகளை அவ்வப்போது மூடிவிடுவார்கள் என்பதால், கிளம்பும் முன் அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

இனி, பார்க்கும் முறை. நான் முதல் முறை இந்த அறைகளுக்குள் சென்றபோது தங்க முலாம், எனாமல் ஓவியம், செதுக்கு வேலை ஆகியவற்றிலேயே இரண்டு மணி நேரம் கழிந்துவிட்டது. வெளியே வந்த பிறகு ஒரு கடிகாரத்துக்கும் மற்றொன்றுக்கும் இடையே என்ன முன்னேற்றம் நடந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த முறை ஒரே ஓர் உறுப்பை மட்டும் தேடிப் பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டு சென்றேன். அன்றுதான் அந்த அறைகள் எனக்குத் திறந்தன. எந்தக் கடிகாரத்திலும் மூன்று வேலைகள் நடக்கின்றன. தொங்கும் குண்டோ சுருட்டிய வில்லோ விசையைக் கொடுக்கிறது. பல்சக்கரங்கள் அதை முள்ளுக்குக் கொண்டுசெல்கின்றன. இவற்றுக்கு நடுவே, ஒரே சீராகத் துடிக்கும் ஓர் உறுப்பு, சக்கரத்தை ஒரேயடியாக ஓடவிடாமல் பல் பல்லாகத் தடுத்துத் தடுத்து விடுகிறது. அந்தத் தடுப்பில் பல் வந்து மோதும் ஓசையைத்தான் நாம் ‘டிக்’ என்று கேட்கிறோம். அந்தத் துடிப்பு எவ்வளவு சீரானதோ, கடிகாரமும் அவ்வளவுதான் துல்லியமாக இருக்கும். ஆகவே ஒவ்வொரு கண்ணாடிப் பேழையின் முன்னும் நின்று, ‘இதற்குள் துடிப்பது எது? அந்தத் துடிப்பைக் கெடுப்பது எது?’ என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேளுங்கள்.

உங்கள் ஜனதாவில் துடிப்பது பேலன்ஸ் எனப்படும் சிறு சக்கரம். அதை இங்கும் அங்கும் திருப்பி இழுப்பது மயிரிழை போன்ற ஹேர்ஸ்பிரிங். விநாடிக்கு ஐந்து துடிப்பு, மணிக்கு 18,000, ஒரு நாளைக்கு 4,32,000. நாளொன்றுக்கு அரை நிமிடம் பின்தங்குகிறது என்று கடைக்காரரிடம் நாம் குறைப்பட்டுக்கொள்ளும்போதுகூட, அந்தச் சக்கரம் பத்தாயிரத்தில் மூன்று நான்கு பங்கு அளவுதான் தவறியிருக்கிறது. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு பிரிட்டிஷ் மியூசியத்துக்குள் நுழையுங்கள்.

அங்கே காசியோபரி பூங்கா மாளிகையிலிருந்து வந்த கோபுரக் கடிகாரம் ஒன்று, பெட்டியோ முகப்போ இல்லாமல், இரும்புச் சட்டமும் சக்கரங்களுமாக நிற்கிறது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. கடிகாரத்தின் உட்புறத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. எல்லாம் பெரியது, எல்லாம் வெளிப்படையானது. இவ்வகைக் கடிகாரங்களில் தொடக்கத்தில் துடித்தது ஊசல் அன்று. குறுக்குக் கோல் ஒன்றோ சக்கரம் ஒன்றோ இப்படியும் அப்படியும் திரும்பிக்கொண்டிருந்தது. அந்தக் கோலைத் தன் பழைய நிலைக்குத் திரும்ப இழுக்க எதுவும் இல்லை. பல்சக்கரம் தள்ளும் விசைக்குத் தகுந்தாற்போல் அதன் வேகமும் மாறும். எண்ணெய் உறைந்தால் ஒரு வேகம், வெயில் அடித்தால் ஒரு வேகம். நாளுக்குக் கால் மணி நேரம் பிசகுவது அன்று குறையாகவே கருதப்படவில்லை; அதனால்தான் அக்காலக் கடிகாரங்கள் பலவற்றில் நிமிட முள்ளே கிடையாது.

அதே பகுதியில் ஆக்ஸ்பர்க் நகரத்து ஹான்ஸ் ஷ்லோட்ஹைம் 1585ஆம் ஆண்டு வாக்கில் செய்த இயந்திரக் கப்பல் இருக்கிறது. விருந்து மேசையின் மேல் தானே உருண்டு சென்று, இசை ஒலித்து, இறுதியில் சிறு பீரங்கிகளை வெடிக்கும்படி அமைக்கப்பட்டது. எல்லோரும் அதன் முன் கூடி நிற்பார்கள், நீங்களும் நிற்பீர்கள். ஆனால் அதன் நடுப் பாய்மரத்தின் அடியில் உள்ள சிறிய மணி முகப்பையும் தேடிப் பாருங்கள். அக்காலத்துக் கைவினைஞருக்குப் பல்சக்கரங்களைக் கொண்டு எதை வேண்டுமானாலும் ஆட்டுவிக்கத் தெரிந்திருந்தது. சீராகத் துடிக்கச் செய்ய மட்டும் தெரியவில்லை. ஸ்ட்ராஸ்பர்க் பேராலயத்தின் புகழ்பெற்ற கடிகாரத்தைக் கட்டிய ஐசக் ஹாப்ரெக்ட், 1589இல் அதைப் போலவே சிறிய அளவில் செய்த மணிக்கூண்டுக் கடிகாரமும் இதற்கு மற்றொரு சான்று.

1656ஆம் ஆண்டில் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் ஊசலைக் கடிகாரத்தில் பூட்டினார். புவியீர்ப்பே ஊசலைத் திருப்பி இழுப்பதால், அதன் துடிப்பைப் பெரும்பாலும் அதன் நீளமே தீர்மானிக்கிறது; பிசகு ஒரே தாவலில் நாளுக்குக் கால் மணி நேரத்திலிருந்து கால் நிமிட அளவுக்குக் குறைந்தது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்ல ஒரு விநாடி எடுக்கும் ஊசலின் நீளம் ஏறத்தாழ 99.4 சென்டிமீட்டர். நம் ஊர்ப் பெரிய வீடுகளின் கூடத்தில் ஆளுயரத்துக்கு நின்ற கடிகாரங்கள் ஏன் அந்த உயரத்தில் இருந்தன என்பதற்கு இதுவே விடை. ஊசல் வந்ததும் பழைய கடிகாரங்கள் பலவற்றில் குறுக்குக் கோலை எடுத்துவிட்டு ஊசலை வைத்தார்கள். காசியோபரி கடிகாரத்துக்கும் அதுவே நடந்தது. ஒரே இயந்திரத்தில் இரண்டு காலங்கள் தெரிவதால் அதை மேலும் சிறிது நேரம் பார்க்கத் தகும்.

தாமஸ் டாம்பியன் 1690ஆம் ஆண்டு வாக்கில் மூன்றாம் வில்லியம் மன்னருக்காகச் செய்த மேசைக் கடிகாரத்தைத் தவறவிடாதீர்கள். பின்னாளில் அது இருந்த குடும்பத்தின் பெயரால் மாஸ்டின் கடிகாரம் எனப்படுகிறது. ஒரு முறை சாவி கொடுத்தால் ஓராண்டு ஓடும். அந்த ஓராண்டும் மணியும் அடிக்கும். சுருள்வில்லின் விசையை இத்தனை சிக்கனமாகப் பங்கிட்ட கைத்திறனை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. இங்கே இன்னோர் உறுப்பையும் அறிந்துகொள்ளுங்கள். சுருள்வில் முழுதாக முறுக்கியிருக்கும்போது வலுவாகவும் தளரத் தளர வலுக்குன்றியும் இழுக்கும். அதை ஈடுகட்ட, பம்பரம் போன்ற கூம்பு ஒன்றின் மேல் சங்கிலியைச் சுற்றினார்கள். வில் வலுவாக இருக்கும்போது சங்கிலி கூம்பின் குறுகிய நுனியை இழுக்கும். தளரும்போது அகன்ற அடிப்பகுதியை இழுக்கும். ஆகவே சக்கரங்களுக்குப் போய்ச்சேரும் விசை ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். பழைய சட்டைப்பைக் கடிகாரங்களைத் திறந்து வைத்திருக்கும் பேழைகளில் இந்தச் சங்கிலியைக் காணலாம். சைக்கிள் சங்கிலியின் அதே அமைப்பு, ஆனால் நூலின் பருமன்.

வில்லியம் காங்கிரீவ் 1808இல் காப்புரிமை பெற்ற உருளும் குண்டுக் கடிகாரம் எல்லோரையும் நிறுத்திவிடும். சாய்தட்டின் மேல் வளைந்து வளைந்து செல்லும் தடத்தில் ஒரு சிறு குண்டு உருண்டு முடிவைத் தொட்டதும் தட்டு மறுபக்கம் சாயும். இதில் துடிப்பது அந்தக் குண்டுதான். தடத்தில் படியும் தூசிகூட அதன் வேகத்தை மாற்றிவிடும். பார்க்க இதைவிட இனிமையான கடிகாரம் அந்த அறையில் இல்லை. நேரம் காட்டுவதில் இதைவிட நம்பத்தகாததும் இல்லை. நம் இரண்டு கேள்விகளின் பயனை இந்த ஒரு கடிகாரமே காட்டிவிடும்.

பிற்பகலில் சயின்ஸ் மியூசியம். வெல்ஸ் பேராலயத்துக்காக 1392ஆம் ஆண்டு வாக்கில் செய்யப்பட்ட கடிகாரத்தின் இயந்திரம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே வந்து சேர்ந்தது. 17ஆம் நூற்றாண்டில் இதற்கும் ஊசல் பொருத்தினார்கள். காலையில் காசியோபரியைப் பார்த்துவிட்டு வந்தால், இதன் ஒவ்வொரு பகுதியும் உங்களுக்கு முன்பே தெரிந்ததாக இருக்கும். இரண்டாம் தளத்துக் கடிகாரத் தொழிலாளர் அருங்காட்சியகம் 1631இல் முதலாம் சார்லஸ் மன்னரின் சாசனம் பெற்ற சங்கத்தின் சேகரிப்பு; 2015இல் நகர மன்றக் கட்டடத்திலிருந்து இங்கே மாற்றப்பட்டது. 1953இல் எவரெஸ்ட் ஏறியபோது எட்மண்ட் ஹிலாரி அணிந்திருந்த ஸ்மித்ஸ் கைக்கடிகாரம் இங்கே உண்டு. அலங்காரம் ஏதுமற்ற, சாவி கொடுக்கும் கடிகாரம். உங்கள் ஜனதாவுக்கு உறவினர் என்றே சொல்லலாம். ஜான் ஹாரிசன் என்ற தச்சரின் மகன் 1713இல், இருபது வயதில், மரத்தால் செய்த கடிகாரத்தின் இயந்திரமும், அதே மனிதர் முதுமையில் செய்த எச்5 என்னும் கடிகாரமும் இங்கே இருக்கின்றன. ஒரே கைகள் மரப்பல்லிலிருந்து எங்கே போய்ச் சேர்ந்தன என்பதை இந்த இரண்டையும் பார்த்து மனத்தில் வாங்கிக்கொண்டு அன்றைய நாளை முடித்துக்கொள்ளுங்கள். நடுவில் நடந்தது முழுவதும் கிரீனிச்சில் இருக்கிறது.

கிரீனிச்சில் ஏன் கடிகாரம்? இதற்குச் சென்னையைக் கொண்டே விளக்கம் தரலாம். பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். சென்னை கிரீனிச்சுக்குக் கிழக்கே ஏறத்தாழ 80¼ பாகையில் இருப்பதால், சென்னையில் சூரியன் உச்சிக்கு வந்து 5 மணி 21 நிமிடம் கழித்துத்தான் கிரீனிச்சில் உச்சிக்கு வரும். இந்திய நேரம் 1906இல் 82½ பாகையை ஒட்டி ஐந்தரை மணியாக வகுக்கப்படுவதற்கு முன், மதராஸ் நேரம் என்று தனியாக ஒன்று இருந்ததும் இந்தக் கணக்கின்படிதான். இதையே திருப்பிப் பாருங்கள்: நடுக்கடலில் உள்ள மாலுமி சூரியனைப் பார்த்துத் தன் இடத்து நண்பகலை அறிந்துகொள்வார், அந்த நொடியில் கிரீனிச்சில் மணி என்ன என்று தெரிந்தால், வித்தியாசத்தைக் கொண்டு தன் தீர்க்கரேகையைச் சொல்லிவிடலாம். ஆனால் ஆடும் கப்பலில் ஊசல் வேலை செய்யாது. நிலநடுக்கோட்டுப் பகுதியில் கடிகாரம் நான்கு விநாடி பிசகினால் இடம் ஒரு கடல் மைல் பிசகும். வாரக்கணக்கான பயணத்தில் அது உயிருக்கே ஆபத்து. 1707இல் சில்லித் தீவுகளின் பாறைகளில் மோதி ஓர் ஆங்கிலக் கடற்படைத் தொகுதியின் நான்கு கப்பல்கள் மூழ்கின. 1714இல் பாராளுமன்றம், தீர்க்கரேகையை அரைப் பாகைக்குள் கண்டறியும் வழிக்கு 20,000 பவுண்டு பரிசு அறிவித்தது.

அப்சர்வேட்டரியின் பழைய கட்டடமான ஃபிளாம்ஸ்டீட் இல்லத்தின் உள்ளே, இந்தப் பரிசுக்காக ஹாரிசன் செய்த எச்1 முதல் எச்4 வரையிலான நான்கு கடிகாரங்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. இங்கே அவசரப்படவே கூடாது. எச்1 சுமார் 34 கிலோ எடையுள்ள பித்தளை இயந்திரம். ஊசலுக்கு மாற்றாக, ஒன்றோடொன்று இணைந்து எதிரெதிராக ஆடும் இரண்டு கோல்களை அதில் காண்பீர்கள். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு கோல் பெறும் தள்ளலை மற்றொன்று ஈடுசெய்துவிடும். உராயும் இடங்களில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உள்ள ஒருவகை மரத்தை வைத்ததால் அதற்கு எண்ணெயே தேவையில்லை. 1736இல் லிஸ்பனுக்குப் போய் இதோடு திரும்பி வருகையில், கண்ணில் பட்ட முனையை மாலுமிகள் வேறொன்றாகக் கருதினர்; அது லிசார்ட் முனை என்று ஹாரிசன் சொன்னதே சரியாக இருந்தது. அடுத்து எச்2, கப்பல் திரும்பும்போது கோல்களின் துடிப்பு மாறுகிறது என்று தானே கண்டுபிடித்து, அதைக் கடலுக்கு அனுப்பாமலே விட்டுவிட்டார். எச்3க்கு ஏறக்குறைய பத்தொன்பது ஆண்டுகள் உழைத்தார். அதுவும் அவருக்கு நிறைவு தரவில்லை. ஆனால் வெப்பத்தால் துடிப்பு கெடுவதைத் தடுக்க, பித்தளையையும் எஃகையும் ஒட்டிய ஈருலோகப் பட்டையை அதில்தான் முதன்முதலாகப் பயன்படுத்தினார். இஸ்திரிப்பெட்டிகளில் சூட்டைக் கட்டுப்படுத்திவந்த பட்டை அதன் வழிவந்ததே. மூன்று கடிகாரங்களும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் ஆட்டத்தைக் குறைந்தது பத்து நிமிடமாவது நின்று பாருங்கள்.

அதன் பிறகு எச்4 முன் வந்து நில்லுங்கள். 1759இல் முடிக்கப்பட்டது; குறுக்களவு ஏறத்தாழ 13 சென்டிமீட்டர், எடை ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு; பார்வைக்குப் பெரியதொரு சட்டைப்பைக் கடிகாரம், அவ்வளவுதான். பெரிதாகவும் மெதுவாகவும் ஆடுவதே சீரானது என்று முப்பது ஆண்டுகள் நம்பி உழைத்த மனிதர், தம் நம்பிக்கையைத் தாமே கைவிட்டு, சிறிதாகவும் வேகமாகவும் துடிக்கும் பேலன்ஸ் சக்கரமே கப்பலின் ஆட்டத்துக்கு அசைந்து கொடுக்காது என்ற முடிவுக்கு வந்தார். 1761இன் இறுதியில் அவருடைய மகன் இதை எடுத்துக்கொண்டு ஜமைக்காவுக்குக் கப்பல் ஏறினார். அதன் நாளாந்தப் பிசகைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பின், 81 நாளில் ஐந்து விநாடி அளவுதான் பின்தங்கியிருந்தது. எச்4இன் சக்கரம் விநாடிக்கு ஐந்து முறை துடிப்பது. உங்கள் ஜனதாவின் துடிப்பும் அதேதான். எச்4 ஓடுவதில்லை, எண்ணெய் இட்டு ஓடவிட்டால் தேயும் என்பதால் அதை நிறுத்தியே வைத்திருக்கிறார்கள். எனவே அங்கே நிற்கும்போது உங்கள் கடிகாரத்தைக் காதருகே வைத்துக் கேளுங்கள். இரண்டரை நூற்றாண்டுக்கு முந்தைய துடிப்பின் வேகம் எதுவென்று தெரிந்துவிடும். ஹாரிசனுக்குரிய தொகை முழுவதும் அவருக்கு எளிதில் கிடைக்கவில்லை. 1772இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரே எச்5ஐச் சோதித்துப் பார்த்த பிறகு, 1773இல், எண்பது வயதில், பாராளுமன்றம் 8,750 பவுண்டு வழங்கியது. மூன்று ஆண்டுகளில் அவர் இறந்தார். எழுத்தில் படித்தபோது உண்டான வருத்தத்தைவிட, அந்த நான்கு பேழைகளுக்கு முன் நிற்கும்போது உண்டாகும் வருத்தம் பெரிது.

அதே கட்டடத்தின் மாடியில் உள்ள எண்கோண அறைக்கும் செல்லுங்கள். 1676இல் டாம்பியன் இங்கே இரண்டு கடிகாரங்களை அமைத்தார். அவற்றின் ஊசல் 13 அடி நீளம். ஒரு வீச்சுக்கு இரண்டு விநாடி. முகப்புக்கு மேலே சுவருக்குப் பின்னால் அது தொங்கியது. முதல் அரச வானியலாளரான ஃபிளாம்ஸ்டீட் அவற்றைக் கொண்டு சோதிக்க விரும்பியது ஒன்றுதான்: பூமி சீராகச் சுழல்கிறதா? அக்காலத் துல்லியத்துக்கு எட்டியவரை ஆம் என்பதே விடை. நம்மிடமும் இந்தப் பரம்பரையின் சாட்சி உண்டு. நுங்கம்பாக்கத்தில் 1792இல் கட்டப்பட்ட மதராஸ் வானாய்வகத்தில் பயன்பட்ட ஜான் ஷெல்டனின் ஊசல் கடிகாரம் இன்று கொடைக்கானல் வானாய்வகத்தில் இருக்கிறது. ஷெல்டனின் கடிகாரம் ஒன்று கேப்டன் குக்குடன் 1769இல் வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே கடந்த இடைநகர்வைக் காணவும் சென்றது.

நவீன காலத்துக்கு வருவோம். 1920-களில் வந்த ஷார்ட் கடிகாரம் ஊசலைக் காற்றில்லா உருளைக்குள் வைத்துப் பிசகை ஆண்டுக்கு ஒரு விநாடி அளவுக்குக் குறைத்தது. ஊசலின் உச்சம் அது. 1969இன் கிறிஸ்துமஸ் நாளில் டோக்கியோவில் சைகோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைய குவார்ட்ஸ் கடிகாரங்களில் படிகம் விநாடிக்கு 32,768 முறை துடிக்கிறது. இவற்றை எல்லாம் வேகமாகக் கடந்துவிடலாம். ஆனால் 1955இல் லூயி எசனும் ஜாக் பாரியும் டெடிங்டனில் உருவாக்கிய முதல் சீசியம் அணுக்கடிகாரம் சயின்ஸ் மியூசியத்தின் சேகரிப்பில் உள்ளது; முதல் நாளிலேயே அதைக் கேட்டுத் தேடிப் பாருங்கள். அதற்கு முள் கிடையாது, அழகும் கிடையாது. அதன் துடிப்பு சீசியம் அணுவினுடையது. 1967 முதல் ஒரு விநாடி என்பதே 9,192,631,770 துடிப்புகள் என வரையறுக்கப்பட்டது. ஃபிளாம்ஸ்டீடின் கேள்விக்கான சரியான விடையை ஷார்ட் கடிகாரங்களும் குவார்ட்ஸும் கோடிகாட்ட, சீசியம் உறுதி செய்தது: பூமி சீராகச் சுழலவில்லை. எண்கோண அறையில் நிற்கும்போது இதை நினைத்துப் பாருங்கள்.

இரண்டாம் நாள் நேரத்தைத் திட்டமிடும்போது, 12.55க்கு முன் அப்சர்வேட்டரியின் வெளிமுற்றத்துக்கு வந்துவிடும்படி அமைத்துக்கொள்ளுங்கள். கூரையின் மேலுள்ள சிவப்புக் கோளம் தேம்ஸில் நின்ற கப்பல்கள் குரோனோமீட்டர் எனப்படும் தம் துல்லியக் கடிகாரங்களைச் சரிசெய்துகொள்வதற்காக 1833இல் வைக்கப்பட்டது. 12.55க்குப் பாதிக் கம்பம் ஏறும், 12.58க்கு உச்சியை அடையும், சரியாக ஒரு மணிக்கு விழும். கடுங்காற்று அடிக்கும் நாள்களில் மட்டும் ஏற்றமாட்டார்கள். வாயிற்புறச் சுவரில் 1852இல் பொருத்திய 24 மணி முகப்புள்ள ஷெப்பர்ட் கடிகாரம், பிரிட்டனில் கோடையில் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும் கோடைகால நேரத்துக்கு மாற்றப்படுவதே இல்லை. ஆகவே நீங்கள் செல்லும் ஜூனில் கோளம் ஒரு மணிக்கு விழும்போது அந்தக் கடிகாரம் 12 காட்டும். ஒரு மணி என்பது கோளம் கீழே வந்து சேரும் கணம் அன்று. அது உச்சியிலிருந்து அசையத் தொடங்கும் கணம். காலையில் சாவி கொடுத்துச் சரியான நேரம் வைத்த ஜனதாவின் விநாடி முள் அந்தக் கணத்தில் எங்கே நிற்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளும் அதைத்தான் அளந்துகொண்டிருந்தீர்கள்.